அத்தை வீட்டுக் கட்டில்

மலாக்காவில் புயல் அடிக்காது என்று எங்கள் ஆசிரியர் சொல்லியிருந்தார். நானும் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, லூபோக் சீனாவை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் ஒரு பிற்பகலில் அடித்த காற்று, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் தகரக் கூரைகளைப் பிய்த்துச் செம்பனைக் காட்டுக்குள் எறிந்தது. எங்கள் கூரை கிடைக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக் கூரை மட்டும் எங்கள் கோழிக்கூண்டின் மேல் பத்திரமாகப் படுத்திருந்தது.

அப்பா வேலைக்காகத் தோட்டத்திலேயே தங்கினார். அம்மா, நான், நனைந்து இளைப்பு வாங்கிய தம்பி மூவரையும் அம்மாவின் அண்ணன் லாரியில் புக்கிட் ரம்பாய்க்கு ஏற்றிப் போனார். மாமாவும் அத்தையும் இருந்த வீட்டில் ஒரே அறை. அதிலிருந்த ஒரே கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் சாமான்கள் போகக் கூடத்தில் ஒருவர் படுக்க மிஞ்சிய இடத்தில் மாமா பாய் விரித்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எதையும் எண் போட்டு எழுதும் பழக்கம் அன்றே இருந்தது. இரண்டாம் வாரம், பழைய பயிற்சிப் புத்தகத்தில் ஒரு தலைப்பிட்டேன்: அத்தைக்கு எங்களைப் பிடிக்கவில்லை. ஒன்று, நாங்கள் பள்ளியிலிருந்து வரும்போது அறைக்கதவு சாத்தியிருக்கும். இரண்டு, சிரித்தால் உள்ளிருந்து சுவரைத் தட்டுவார். மூன்று, நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து ஃபேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். நான்கு, சனிக்கிழமைகூடத் தூங்க விடமாட்டார், காலை ஏழரைக்கு வேலையிலிருந்து வந்ததும் போர்வையை உருவி, "எந்திரி, எந்திரி, மகாராணி! வெயிலு வந்தாச்சு" என்பார்.

அம்மாவிடம் வரிசை பிசகாமல் வாசித்துக் காட்டினேன்.  அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அம்மா எங்கள் துணிகளை நெகிழிப் பைகளில் திணித்துக்கொண்டிருந்தார்.

அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"லயத்துக்கே போயிடுறோம் அண்ணி. உங்களுக்கு எதுக்குத் தொல்லை."

"கூரை போட்டாச்சா?"

"இன்னும் இல்ல. தார்ப்பாய் கட்டியிருக்காரு."

"தார்ப்பாய்க்குக் கீழயா இந்த இளைப்புக்காரப் புள்ளையப் படுக்க வைக்கப் போற? மழை பேஞ்சா என்ன பண்ணுவ, குடை பிடிப்பியா? பைத்தியமா உனக்கு? பையைக் குடு லா!"

அத்தை பையைப் பிடுங்கித் துணிகளைத் தரையில் கொட்டினார். தம்பியின் சட்டைகளை மட்டும் உதறி மடித்து அலமாரியில் வைத்தார். பிறகு முகம் கழுவப் போய்விட்டார்.

மாமா அம்மாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சிக்காதம்மா. தூக்கம் பத்தல அவளுக்கு. இத்தனை வருசம் பகல் வேலைதான் பார்த்தா. நீங்க வந்த அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட கேட்டு நைட்டுக்கு மாத்திக்கிட்டா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் பட்டியல் நிரூபணமாகிவிட்டதால்தான் அழுகிறார் என்று நினைத்தேன். இரவு வேலையைத் தானே கேட்டு வாங்கினாராம்! எங்கள் முகத்தில் விழிக்காமலிருக்கத்தானே? ஐந்து என்று எண் போட்டு அதையும் எழுதினேன்.

அதன் பிறகு அம்மாவும் அத்தையின் கட்சியில் சேர்ந்துவிட்டார். சனி, ஞாயிறுகளில் ஏழு மணிக்கே எங்களை எழுப்பி, விரிப்பை மாற்றி, சன்னல் திரையை இழுத்துவிடுவார். பகலில் நாங்கள் குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். இதுவும் எனக்கு அநியாயமாகப் பட்டது.

கூரை போட நான்கு மாதமாயிற்று. அதற்குள் மழைக்காலமே வந்து போயிருந்தது. தம்பிக்கு ஒருமுறைகூட இளைப்பு வரவில்லை.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். யாருக்குப் பகல், யாருக்கு இரவு என்று அட்டவணை போடுவதும் என் வேலைதான். இரவிலிருந்து பகலுக்கு மாற்றச் சொல்லி வருகிறவர்கள் ஏராளம். பகலை விட்டு இரவைக் கேட்டு வருகிறவர் அபூர்வம். அப்படி ஒரு அக்கா வந்து நின்ற நாளில் வேலையை நிறுத்திவிட்டு அத்தைக்குப் போன் செய்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தால், "சாப்டியா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இரவில் எப்போது தூக்கம் வந்தாலும் அந்தக் கட்டில் எங்களுக்காகக் காலியாக இருந்தது. கட்டில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.