பால்சுறாவும் அரை டம்ளர் தண்ணீரும்

பிள்ளை பெற்ற இருபத்தெட்டாம் நாள், சுறா என்ற பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிந்தது. இத்தனைக்கும் நான் தென்காசியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். ஐநூறுக்கு மேல் இருக்கிற சுறா வகைகளில் ஒரு பாடவேளைக்குள் எத்தனை சொல்ல முடியுமோ அத்தனையையும் மூச்சு விடாமல் சொல்லுவேன். பிரசவத்துக்கென்று குற்றாலத்தில் அம்மா வீட்டுக்கு வந்தேன். அங்கே உலகத்தில் ஒரே ஒரு சுறாதான், பால்சுறா. அதில் புட்டு, குழம்பு, மறுபடியும் புட்டு.

பச்சை உடம்புக்காரி பால்சுறா தின்றால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். கூடவே இன்னொரு சட்டமும் உண்டு, அவள் தண்ணீர் குடிக்கக் கூடாது. காலையில் அரை டம்ளர், ராத்திரி அரை டம்ளர், அதுவும் வெந்நீர். கூடக் கேட்டால், "ஏட்டி, வயிறு பானை கணக்கா ஊதிப் போவும். பிள்ளைக்கும் சளி பிடிக்கும். சும்மா கெட" என்பாள் அம்மா. வெளியே சாரல் சீசன். ஜன்னலைத் திறந்தால் அருவிச் சத்தம். எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வந்து ஜனங்கள் தண்ணீருக்கடியில் நிற்கிறார்கள், எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. என்ன அநியாயம் இது!

பிள்ளை எடை ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தராசில் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், ஏறாவிட்டால் டப்பாப் பால்தான் என்றார். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார், அம்மா முந்திக்கொண்டு பதில் சொன்னாள். என்ன குடிக்கிறேன் என்று அவர் கேட்கவுமில்லை, அம்மா என்னை வாய் திறக்க விடவுமில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுறா வாங்கிப் போடுதேன். அதுக்கும் பால் இல்லேன்னா ஒன் ஒடம்புலதான் ஏதோ கோளாறு" என்றாள். பெற்றவள் வாயால் இதையும் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலையில் மீன்கார அண்ணாச்சியின் வண்டிச் சத்தம் கேட்டதும் தெருவில் இறங்கிவிட்டேன். நாற்பது நாள் முடியாமல், ஆஸ்பத்திரிக்கும் இல்லாமல் வாசல் தாண்டியதற்கு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். பெட்டியில் ஐஸுக்கு நடுவே தோலுரித்த துண்டங்கள், ஒவ்வொன்றும் சோற்றுத்தட்டு அகலம். பால்சுறா சின்ன மீன், வெட்டினால் துண்டு என் உள்ளங்கையளவுதான் வரும்.

"அண்ணாச்சி, இது என்ன மீனு?"

"பால்சுறா தாயி."

"தலை எங்க?"

"தலைய கரையிலயே வெட்டிருதாவ. எனக்கு எப்படித் தெரியும்? தோல உரிச்சிட்டா எல்லாம் பால்சுறாதான்."

அவ்வளவுதான். நடுத்தெருவில், சாரலில் நின்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். "எல்லாம் ஒண்ணா? பஸ் நீளத்துக்கு ஒரு சுறா கெடக்கு, அது திங்கிறது பூரா பொடிப்பொடி உயிரு. கொம்பன் சுறாவுக்குக் கண்ணு ரெண்டும் தலையோட ரெண்டு கோடியில. ஒண்ணு வாலைச் சொழட்டி மீனை அடிக்குது. ஒண்ணு முட்டை போடுது. ஒண்ணு தாய் வயித்துக்குள்ளயே கூட இருக்கிற குட்டியளத் தின்னுட்டு வெளிய வருது. இது அதுல எது? பெரிய சுறாக் கறியில பாதரசம் சேந்திருக்கும், பால் குடுக்கிறவ தொடவே கூடாது. எதையாவது வெட்டிட்டு வந்து பால்சுறாங்கியளே, நல்லா இருக்கா?"

எதிர்வீட்டு மருமகள், நிறைமாதக்காரி, வாசலில் நின்றபடி கேட்டாள்: "அப்ப நெச பால்சுறாவுக்காவது பால் உண்டுமாக்கா?"

"எந்தச் சுறாவுக்கும் பால் கெடையாதுட்டி! பால்சுறா நம்மள மாதிரி தொப்புள்கொடியோடதான் குட்டி போடும். போட்டதும் குட்டி அதுபாட்டுக்கு நீந்திப் போயிரும். தாய் திரும்பிக்கூட..."

பாதியில் நாக்கு வறண்டு, கண் இருண்டது. வண்டியைப் பிடித்துக்கொண்டேன். நான் இவ்வளவு நேரம் ஏசித் தீர்த்த அதே மனிதர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். "மொதல்ல தண்ணியக் குடி தாயி. ஒதடெல்லாம் வெடிச்சிருக்கு பாரு." இருபத்தெட்டு நாளில் என்னைப் பார்த்து இதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். "ஐயோ, பச்சத்தண்ணி!" என்று அம்மா பிடுங்க வந்தாள். கையில் பிள்ளை இருந்ததால் முடியவில்லை. மடமடவென்று பாட்டிலைக் காலி செய்தேன்.

உள்ளே வந்து அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டேன். "தண்ணியே தராம பால் எங்கேருந்தும்மா ஊறும்?" சாயங்காலம் கட்டிலடியில் ஒரு செம்பு இருந்தது, ஆறிய வெந்நீர். நான் குடிக்கக் குடிக்க அம்மா அதை நிறைத்துக்கொண்டே இருந்தாள். சுறாத் துண்டை நான் தொடவில்லை. பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் மார்பில் போட்டேன்.

மறுவாரம் தராசில் மகளுக்கு எடை ஏறியிருந்தது. டப்பாப் பாலைப் பற்றி நர்ஸம்மா பேச்செடுக்கவில்லை. திரும்பி வரும்போது எதிர்வீட்டு மாமியார், "பிள்ளை தேறிட்டாளா?" என்று விசாரித்தார். அம்மா பேத்தியைத் தோளில் சாத்திக்கொண்டு சொன்னாள்: "நல்லாத் தேறிட்டா. எல்லாம் அந்தப் பால்சுறாதான். ஒங்க மருமவளுக்கும் இப்பமே சொல்லி வையுங்க."

எனக்குத் தலை கொதித்தது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றிருந்தாள். இரண்டு பேரையும் தாண்டி அவளிடம் போனேன்.

"ஏட்டி, ஒனக்கு எந்தச் சுறாவ வேணும்னாலும் கொண்டாந்து போடுவாவ. தாகம் எடுத்தா கத்து. தெருவே கேக்கும்படியா கத்து. தண்ணி தாரவரைக்கும் நிறுத்தாத."

மாமியாரின் முகம் சுருங்கியது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் சரி என்று தலையாட்டும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.