நேர்த்திக்கு நடக்கவில்லை

நான் பிறந்தது மன்னார்த் தீவில். வந்து சேர்ந்ததும் ஒரு தீவில்தான். ஆனால் கனடாவின் மொன்றியல் ஒரு தீவு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வில்லரேயில் மூன்றாம் மாடி வீடு, தையல் தொழிற்சாலை, தமிழ்க் கடை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை. எனக்குக் காட்டப்பட்ட ஊர் இவ்வளவுதான். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, ஒரு நாள் மெத்ரோ ரயிலுக்குக் காத்து நின்றபோது சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். சுற்றிவர நீலம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன்.

"இஞ்ச ஆறு எங்க இருக்கு?"

"பாலத்தால போகேக்க கீழ ஓடுறதுதான். காணேல்லையே?"

"கார் ஓடேக்க என்னத்தைக் காணுறது."

"ஆத்தில என்ன கிடக்கு காண?"

அந்தச் சனிக்கிழமை அவர் உணவகத்துக்குச் சமையல் வேலைக்குப் போனதும் நான் படியிறங்கினேன். சென் டெனி தெருவைப் பிடித்துத் தெற்கே நடந்தேன். ரயில் பாதைக்கு அடியில் ஒரு வழி, மூத்திர நாற்றம். அதைத் தாண்டினால் வெளியே இரும்புப் படி வைத்த வீடுகள், தெருவில் கதிரை போட்டுக் கோப்பி குடிக்கும் சனம். ஷேர்புரூக் தெருவைத் தாண்டியதும் ஊர் சட்டென்று கீழே சரிகிறது. கால் தானாக இறங்கியது. கீழே தண்ணீர் இருக்கத்தான் வேண்டும் என்று அந்தச் சரிவில்தான் எனக்கு உறைத்தது. பிறகு கல் பதித்த தெருக்கள், குதிரைச் சாணி, படம் எடுக்கிற ஆட்கள். அதற்கப்பால் ஆறு.

அழகு என்று சொல்ல மாட்டேன். கரையில் பழைய தானியக் களஞ்சியங்கள் கண்ணாடி உடைந்து நின்றன. தண்டவாளம் துருப்பிடித்துக் கிடந்தது. தண்ணீர் கறுப்பாக, சத்தமில்லாமல், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் யாரும் கூட்டிக்கொண்டு வந்து காட்டாமல், இந்த நாட்டில் நானே வந்து பார்த்த முதல் இடம் அது. கொண்டுபோன முட்டைப் பாணைச் சாப்பிட்டுவிட்டு மெத்ரோவில் திரும்பினேன்.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் போனேன். ஒரு முறை மேற்கே கால்வாயோரம், மதகுகள் வரை. ஒரு முறை கிழக்கே பெரிய பாலத்துக்குக் கீழே, கப்பல் பெட்டிகளை அடுக்கி வேலி போட்டிருக்கும் இடம் வரை. வேலியோடு நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் சனத்துக்கு நடக்கிற பெண் என்றால் கார் இல்லாதவள், அல்லது வீட்டில் சண்டை பிடித்தவள். கணவருக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. "உன்ரை மனிசியைச் சென் டெனியில கண்டனான். கார் பழுதோ?" அவருக்கு அந்தக் கார்தான் மானம். பூசைக்குப் போகுமுன் ஒவ்வொரு ஞாயிறும் கழுவுவார்.

"நான் கொண்டுபோய் விடமாட்டனே?" என்றார்.

"விடுவியள். நான் நடக்கப் போறன்."

"என்னத்துக்கு?"

"பாக்க."

பிறகு திடீரென்று தொலைபேசிகள் நின்றன. கோவிலில் பெண்கள் என்னோடு மரியாதையாகக் கதைக்கத் தொடங்கினார்கள். துறைமுகத்துக்கு எதிரே மாதா கோவில் ஒன்று இருக்கிறது. கப்பல்காரர்களின் கோவில், உள்ளே கூரையிலிருந்து சின்ன மரக் கப்பல்கள் தொங்கும். "அங்கதானே போறனீ, என்ரை பேரில ஒண்டு கொளுத்திவிடு" என்று மெழுகுதிரி தந்தார்கள். முதலில் ஒருத்தி, பிறகு பை நிறைய. நானும் வேதக்காரிதான், மாதாவைக் கும்பிடுகிறவள். வழியில் இருக்கிற கோவில். கொளுத்திவிட்டு ஆற்றங்கரைக்குப் போனேன்.

மே மாதம் மாதாவின் மாதம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும். என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, எழுந்து நின்றார். கோவிலில் பெண்கள் சபையை நடத்துவது அவர்தான்.

"வாற சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் இவவோட நடப்பம். செபமாலை சொல்லிக்கொண்டு போவம். பின்னால வான் வரும், ஏலாத ஆக்கள் ஏறலாம். இந்தப் பிள்ளை தனிய நேர்த்திக்கு நடந்தது காணும். மாதா இந்த வருசம் ஒரு குழந்தையைக் குடுக்கோணும்."

பிள்ளை வேண்டி நேர்த்திக்கடனுக்கு நடக்கிறேன் என்று சனம் நம்பியிருந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணவரைப் பார்த்தேன். தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். அக்கா கட்டிய கதை அவருக்கும் வசதி.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது எங்கள் இரண்டு பேரின் விஷயம். அதைப்பற்றி இங்கே எழுதப்போவதும் இல்லை.

"மச்சாள், நான் நேர்த்திக்கு நடக்கேல்லை" என்றேன்.

"கூச்சப்படாதை பிள்ளை."

"கூச்சமில்லை. நான் ஊர் பாக்க நடக்கிறனான்."

"ஊர் பாக்கிறதெண்டா மேல்தட்டுத் திறந்த பஸ் ஓடுதே" என்றது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். சிரித்தார்கள்.

ஒரு வயதான பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என்ரை மெழுகுதிரி?"

"கொளுத்தினனான் அம்மா. ஒண்டும் விடேல்லை. வழியில கோவில் இருந்துது, கொளுத்தினன். கோவிலுக்கெண்டு நான் போகேல்லை."

"மாதாவிட்டையே பொய் சொல்லிப்போட்டு நிக்கிறாய்" என்றார் மச்சாள்.

"நான் மாதாவிட்டை ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னியள்."

காரில் ஏறியும் கணவர் சாவியைத் திருப்பவில்லை.

"ஓம் எண்டு சொன்னா உனக்கு என்ன குறைஞ்சு போகும்? சனம் வாயை மூடியிருக்கும். நீ உன்ரை பாட்டுக்கு நடந்திருப்பாய். நானும் தலை நிமிந்து திரிஞ்சிருப்பன்."

"ஓம் எண்டு சொன்னா அது நேர்த்தி. பிள்ளை வந்தா நிப்பாட்டோணும். வராட்டி, வரேல்லை எண்டு ஒவ்வொரு கிழமையும் என்ரை வயித்தைப் பாப்பினம். எனக்கு இருக்கிறது ஒரு சனிக்கிழமை. அதையும் குடுக்கேலாது."

"அப்ப இனிப் போகாதை."



சனிக்கிழமை காலையிலேயே மழை. செபமாலையோடு நடக்க ஒருவரும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு நடக்க விருப்பமே இல்லை. கால் நொந்தது, கட்டில் சூடாக இருந்தது. ஆனால் அன்று வீட்டில் இருந்தால் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் இருக்க வேண்டிவரும். சப்பாத்தை மாட்டினேன். அவர் வேலைக்குப் போகாமல் கார்ச் சாவியோடு கதவடியில் நின்றார். விலக்கிக்கொண்டு இறங்கினேன்.

சென் டெனியில் கார் என் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. கண்ணாடியை இறக்கினார்.

"ஏறு. ஆத்தடியில விடுறன். பாத்திட்டு வா."

"நீங்கள் போங்கோ."

"சனம் பாக்குது."

"பாக்கட்டும். காரோட சேத்துப் பாக்கட்டும்."

பின்னால் வந்த ட்ரக்குக்காரன் ஹோர்னை அழுத்திப் பிரெஞ்சில் தூசணத்தால் ஏசினான். அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. ரயில் பாதைக்கு அடியில் போகும் இடத்தில் கார் வேகமெடுத்து என்னைத் தாண்டிப் போய்விட்டது.

நான் நடந்தேன். சரிவில் மழைத்தண்ணீர் என் சப்பாத்துக்கு முன்னால் ஆற்றை நோக்கி ஓடியது. துறைமுகத்தில் ஈ காக்கை இல்லை. மாதா கோவில் திறந்திருந்தது. உள்ளே மெழுகுதிரி வெளிச்சம் தெரிந்தது. அன்று நான் உள்ளே போகவில்லை. மாதாவோடு கோபம் ஒன்றும் இல்லை. அன்று போனால் மச்சாள் சொன்னது உண்மையாகிவிடும்.

துறைமுகத்து முனையில் இருக்கிற மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குப் போய், இதற்குமேல் நிலம் இல்லை என்கிற இடத்தில் நின்றேன். கொண்டுபோன பாண் நனைந்து ஊறிப்போயிருந்தது. அதைத்தான் சாப்பிட்டேன்.

திரும்பும்போது மெத்ரோவில் எங்கள் கோவில் பெண் ஒருத்தி எதிரே இருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்த என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேர்த்தியோ அக்கா?"

மண்டபத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாதோ, தெரிந்துதான் கேட்டாளோ.

"இல்லை" என்றேன். "சும்மா நடந்தனான்."