மூன்றாவது சங்கு

மேலகரத்துப் பிச்சையாவுக்கு வயலில் கால் வைக்கவே பிடிக்காது. சேறு ஒட்டும் என்பார். அப்படிப்பட்டவர் போய்ச் சேர்ந்த இடம் பினாங்குக் கப்பலின் அடுப்படி. அங்கே சேறு இல்லை, கரி இருந்தது. மாலுமிகளுக்குச் சோறு பொங்கும் பண்டாரியாக நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் பத்து வருஷத்துக்கு மேல் போய்வந்தார். தம்பி தங்கசாமியையும் அவன் பெண்டாட்டி மாடத்தியையும் ரப்பர் தோட்டத்து வேலைக்கு அந்தக் கப்பலில்தான் கூட்டிப்போனார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கப்பல் கிளம்பும்போது மூன்று முறை சங்கு ஊதும். முதல் சங்குக்கு வழியனுப்ப வந்தவர்கள் இறங்க வேண்டும். இரண்டாவதுக்குள் அழுகிறவர்கள் அழுது முடிக்க வேண்டும். மூன்றாவதுக்கு ஏணியைத் தூக்குவார்கள்.

யுத்தம் வந்ததும் சர்க்கார் கப்பலை எடுத்துக்கொண்டது. வெள்ளை உடம்பில் சாம்பல் சாயம் பூசினார்கள், பெயரை அழித்தார்கள், மேல்தட்டில் பீரங்கி வைத்தார்கள். ஏழைப் பயணிகள் பாய் விரித்த இடத்தில் சிப்பாய்கள் படுத்தார்கள். விமானத் தாக்குதலுக்கு ஊதும் சங்கோடு குழம்பிவிடும் என்று கப்பல் சங்கையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தத் துறைமுகத்திலும் அது சத்தமில்லாமல்தான் கிளம்பியது.

சிங்கப்பூர் ஜப்பான்காரர்களிடம் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் கப்பல் அங்கே நின்றது. சிப்பாய்கள் இறங்கினார்கள், வெள்ளைக்காரக் குடும்பங்கள் பெட்டி பெட்டியாக ஏறின. தோட்டத்தை விட்டு ஓடிவந்த தங்கசாமியும் மாடத்தியும் ஒரு துணிமூட்டையோடு துறைமுகத்தில் நின்றார்கள். கூலிகளுக்கு இடமில்லையாம். கூலியாகக் கொண்டுபோன நாளில் இடம் தாராளமாக இருந்தது.

பிச்சையா இறங்கி ஓடினார்.

"ஏலே, இங்கன நிக்காத, காவக்காரன் வெரட்டுவான். அந்தச் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால போயி ரெண்டு பேரும் உக்காந்திருங்க. மூணாஞ் சங்கு ஊதுனதும் ஏணிக்கு வந்துருங்க. அந்நேரம் எல்லாரும் கயிறு அவுக்கதுல இருப்பானுவ. நான் உள்ள இழுத்துக்கிடுதேன்."

பத்து வருஷப் பழக்கத்தில் வாயில் வந்த பேச்சு அது. அதில் என்ன தப்பு என்று அப்போது அவருக்கு உறைக்கவே இல்லை.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது காலடியில் தளம் அதிர்ந்தது. வெளியே ஓடிவந்தார். ஏணியைத் தூக்கியாகிவிட்டது; கரை நகர்ந்துகொண்டிருந்தது. கிட்டங்கியின் பின்சுவரோரம் மாடத்தியின் சிவப்பு முந்தானை தெரிந்தது. கடலுக்கு முதுகு காட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தொண்டை கிழியக் கத்தினார். குண்டுச் சத்தத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை.

அடுத்த வருஷம் கப்பலும் கடலுக்குள் போயிற்று. கை வெந்து பம்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பிச்சையா தப்பினார். தப்பியதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. குற்றாலத்தில் ஒரு விடுதிக்குச் சமையல்காரராகப் போனார். தம்பியைப் பற்றித் தாய் முப்பிடாதியம்மாள் கேட்டபோதெல்லாம், "கூட்டத்துல தவறிட்டான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

யுத்தம் முடிந்து, சாரல் தொடங்கியிருந்த ஒரு நாள் தங்கசாமி வந்து சேர்ந்தான். தனியாக. எலும்பும் தோலும்தான் மிச்சம். ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டுபோன சயாம் ரயில் பாதை வேலையில், மாடத்தி வாந்திபேதியில் போய்விட்டிருந்தாள்.

"அண்ணாச்சி சொல்லித்தான் வச்சாரு. ரெண்டு பேரும் அசந்து தூங்கிட்டோம். சங்கு சத்தமே கேக்கல" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான்.

ஊர் சும்மா இருக்குமா? "ஏலே தங்கசாமி, பஸ்ஸு வருது, முழிச்சுக்கோ" என்று கடைவாசலில் கேலி செய்தார்கள். தாயும் தலையில் அடித்துக்கொண்டாள்: "சின்னதுலயே இடி விழுந்தாலும் முழிக்க மாட்டான். ஒரு பொம்பளப் புள்ளயக் கொன்னுட்டு வந்திருக்கான்." பிச்சையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பாவி, வாயைத் திறக்கவில்லை. தங்கசாமி படுப்பதையே விட்டுவிட்டான். சுவரில் சாய்ந்தால்கூடத் திடுக்கிட்டு நிமிர்ந்துகொள்வான். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் பிச்சையாவுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. சொல்லிவிட்டால் இவனாவது நிம்மதியாகத் தூங்குவான், பழி நம்மோடு போகட்டும் என்று நினைத்தார்.

விடுதி அடுக்களையில் தம்பிக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நீ தூங்கலலே. சங்கு ஊதவே இல்ல. யுத்தத்துல ஊதக் கூடாதுன்னு உத்தரவு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பழைய நெனப்புல சொல்லிட்டேன்."

தங்கசாமி சோற்றிலிருந்து கையை எடுத்தான். அவன் கோபப்படுவான், அடித்தாலும் அடிப்பான் என்று பிச்சையா காத்திருந்தார்.

"மாடத்தி சொன்னா, அண்ணாச்சி" என்றான். "'நான் முழிச்சுத்தான் இருந்தேன், சங்கு ஊதல'ன்னு சத்தியம் பண்ணுனா. சாகுத வரைக்கும் நான் அவளப் பொய்க்காரின்னுதான் ஏசுனேன்."