துரை பாடாமல் நின்ற இடங்கள்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மலாயாவில் பிரிக்பீல்ட்ஸ் என்ற இடத்தில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை பாட்டுப் பாட வந்தார். நம்புகிறவர்கள் நம்பட்டும். ஈயச் சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர். ஸ்டேஷனுக்கு வந்துபோனதில் குமாஸ்தாவான அப்பாவுக்குப் பழக்கம். இங்கிலீஷ்காரரா என்று அப்பா கேட்டதற்கு முகத்தைச் சுளித்து, இல்லை, கார்ன்வால்காரன் என்றாராம். வெள்ளைக்காரர்களில் இப்படியும் ஒரு சாதியா என்று நாங்கள் வாயைப் பிளந்தோம்.

அவர் ஊரில் கிறிஸ்துமஸுக்கு ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. வேறெந்த ஊரிலும் கிடையாதாம். நான்கு பேருக்கு நான்கு மெட்டு. ஒருவர் நிறுத்தும் இடத்தில் இன்னொருவர் நுழைவார். அவரவர் பங்கு அவரவருக்குத்தான் தெரியும், யாரும் எழுதி வைத்ததில்லை. அந்தச் சமயம் அவர் ஊர் வாத்தியார் ஒருவர் எல்லாப் பங்கையும் எழுதி வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாராம். துரையின் பங்கோ அவரோடு மலாயாவில் இருந்தது. மெட்டை எழுத அவருக்குத் தெரியாது. எங்கள் சபையில் ஆர்மோனியம் வாசித்த அத்தைக்குத் தெரியும்.

ஞாயிறு மத்தியானம் துரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பாடினார். ஒரு வரி பாடுவார், பிறகு சன்னலைப் பார்த்தபடி பூட்ஸால் பலகைத் தரையைத் தட்டிக்கொண்டு சும்மா இருப்பார், மறுபடி பாடுவார். எங்கள் சபையில் எல்லோருக்கும் ஒரே மெட்டு. நடுவில் வாயை மூடினால் போதகர் முறைப்பார்.

“என்னண்ணே, பாதி இடத்துல சும்மா நிக்கிறாரு? மறந்துட்டாரா?” என்றாள் அத்தை.

அப்பா கேட்டார். துரை இங்கிலீஷில் சொன்னார்.

“அது அவரு அண்ணன் பாடுற இடமாம்,” என்றார் அப்பா. “அண்ணன் சுரங்கம் இடிஞ்சு போய்ட்டாரு. அவரு பங்கு யாருக்கும் தெரியாது. அந்த இடமாவது காலியா இருக்கணும்ங்கிறாரு.”

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் சிலேட்டின் இரண்டு பக்கத்திலும் எழுதினாள். பாடுகிற இடத்தில் சுரத்துக்கு ஓர் இங்கிலீஷ் எழுத்து. சும்மா இருக்கிற இடத்தில் தட்டுக்கு ஒரு புள்ளி. திங்கட்கிழமை பள்ளிக்குச் சிலேட்டு வேண்டுமே என்பதுதான் என் துக்கம்.

அத்தையின் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். என்னுடையது வகுப்பிலேயே முதல். துரை கொண்டுவந்த ஒரே தடித்த தாளில் படியெடுக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு, பிள்ளை பெற்றிருந்த உறவுக்காரியைப் பார்க்க அத்தை மாலை ரயிலில் கிள்ளானுக்குப் போனாள். நான் பென்சிலால் பெரிதாக, அழகாக ஆரம்பித்தேன். பாதியிலேயே தாள் பற்றாது என்று தெரிந்தது. பாடாத இடத்துக்கு எதற்குத் தாள்? ஆரம்பித்ததை அழித்துவிட்டு, புள்ளிகளையெல்லாம் விட்டு எழுத்துகளை நெருக்கி எழுதினேன். மூலையில் ஒரு பூ வரையக்கூட இடம் கிடைத்தது. பிறகு சிலேட்டைத் துடைத்தேன்.

மறுநாள் மாலை துரை வந்தார். தாளை இரண்டு கையாலும் வாங்கி, ஒன்றும் புரியாமலேயே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“எதும் விட்டுப் போகலியேன்னு கேக்குறாரு, பாப்பா,” என்றார் அப்பா.

இல்லை என்று பெருமையாகத் தலையாட்டினேன். துரை என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அன்றே தபாலில் சேர்த்தாராம். அத்தை திரும்பி வருவதற்குள் அவரைச் சயாமில் ஒரு சுரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூட விட்டுப்போகவில்லை. அவர் கேட்டது அவருடைய அண்ணனை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.