பழனிக்குப் போன தாடிக்காரர்

ஆத்தூர்ப் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போகும்போது அந்தத் தாடிக்காரர்தான் எங்களுக்கு முன்னால் நடப்பார். எங்கள் வேட்பாளர் ஜெயித்தால் பழனியில் முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டு வளர்த்த தாடி. பேச்சுக்குப் பேச்சு அதைத் தடவிக்கொள்வார். தோற்றோம். தாடியை எடுக்காமல் அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தார்.

அந்தத் தேர்தலில் எங்கள் ஆள், அதுவரை திட்டிக்கொண்டிருந்த கட்சிக்கே தாவி ஜெயித்துவிட்டார்.

மறுநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தாடிக்காரரைப் பார்த்தேன்.

"அவரு ஜெயிக்கணும்னுதான் தம்பி முருகன்ட்ட கேட்டேன். எந்தக் கட்சியிலன்னு சொல்லாம விட்டுட்டேன்."

"மனசு இல்லேன்னா விட்ருங்கண்ணே."

"சாமி என்ன பாவம் பண்ணுச்சு? கேட்டதக் குடுத்துருச்சுல்ல."

பழனி பஸ் வந்தது. தாடியைத் தடவாமலே ஏறினார். வேண்டுதல் பலித்துப் போகிறவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.