நஞ்சப்பன் முதலில் மட்கார்டைப் பார்ப்பார்

டியூப் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கிறது. நஞ்சப்பனின் விரல்கள் குமிழி வரும் இடத்தைத் தேடுகின்றன. கண்கள் சாலையில். குன்னூர் மலையிலிருந்து பச்சை லாரிகள் வரிசையாக இறங்குகின்றன. டீக்கடையில் நிற்பவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிப்பாய்களைப் பார்க்கிறார்கள். இவர் மட்கார்டைப் பார்க்கிறார். பஞ்சர் ஒட்ட வந்து நிற்கும் என்னிடம் அதைப் படித்துச் சொல்கிறார்.

"ரேசன் வண்டிங்க. கீழ போயி கோழி ஏத்திட்டு வரும்."

அடுத்தது. "இது எஞ்சினீருங்க. பாலங்கட்டறவிய. நம்ம பக்கத்து ஆளுக இல்ல, வடக்கத்தி."

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையோரம் அவருடைய பஞ்சர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கேட்டால், "டயரத் தொங்கவுட்டிருக்கறன், அப்பறம் என்னத்துக்குங்க போர்டு?" என்பார். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போதும் சட்டையை உள்ளே விட்டுத்தான் இருப்பார். சாக்கின் மேல் ஸ்பேனர்கள் பெரியதிலிருந்து சிறியதாக அணிவகுத்திருக்கும். ஒன்று கோணலானால் பேச்சை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்வார்.

ராணுவ வண்டியின் ஒரு பக்கத்தில் மிருகமோ பறவையோ வரைந்திருப்பார்கள். அது எந்தப் பெரும்படை என்பதையும் அந்தப் படை நிற்கும் ஊரையும் சொல்லும். மறுபக்கம் ஒரு நிறக் கட்டம், அதில் எண். அது எந்தப் பிரிவு என்பதைச் சொல்லும். "மனுசனாட்டந்தானுங்க. இன்னாரு மகன், இன்ன ஊருன்னு மூஞ்சீலயே எழுதியிருக்கும்." அவர் பட்டாளத்திலிருந்து வந்த பிறகு சின்னங்கள் சில மாறியிருக்கின்றன. அதனால் தப்பாகவும் சொல்வார். ஒத்துக்கொள்ள மாட்டார். "பெயிண்டரு தப்பா அடிச்சுப்போட்டானுங்க" என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்றுப் பிடிப்பார்.

மகள் கயல்விழி ராணுவப் போலீஸில் சேர்ந்ததும் இந்த விளையாட்டு வேறாகிவிட்டது. சந்திகளில் நின்று படை வண்டிகளை வழியனுப்பும் வேலை அவளுக்கு. எங்கே இருக்கிறாள் என்று போனில் சொல்லக் கூடாது. அப்பாவும் கேட்க மாட்டார். அவள் படம் அனுப்புவாள். ஜீப்பின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். முழங்கைக்குப் பக்கத்தில் மட்கார்டு தெரியும். தற்செயலாக நேர்ந்ததைப்போல.

அவளைப் பட்டாளத்துக்கு அனுப்ப அம்மா மாசாணியம்மாளுக்கு மனமில்லை. பாக்கு மண்டியில் தரம் பிரிக்கும் வேலை செய்கிறவர் அவர். கடைசியில் கணவரிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தார். "அவ எங்க இருக்கறான்னு எனக்கு நீங்க சொல்லோணும். மழுப்புனீங்கன்னு வைங்க, நானே ரயிலேறிப் போயிக் கூட்டியாந்துருவேன்." நஞ்சப்பன் வாக்கைக் காப்பாற்றி வந்தார். படம் வரும். விரித்துப் பார்ப்பார். ஊர் சொல்வார். அன்று இரவு மாசாணியம்மாள் தூங்குவார்.

இந்த மே மாதம் எல்லையில் குண்டு விழத் தொடங்கியது. கயல்விழியின் போன் அணைந்துவிட்டது. டீக்கடை டிவியில் நாளெல்லாம் சைரன். செய்தி வாசிக்கிறவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். மலையிலிருந்து வண்டிகள் இறங்குவது அதிகமானது. எது எந்த வண்டி என்று சொல்வதை நஞ்சப்பன் நிறுத்திவிட்டார். டீக்கடை பாலகோபால் தன் பழக்கத்தை விடாமல் கேட்டார்.

"ஏனுங்ணா, இன்னீக்கி என்ன எறங்குது?"

நஞ்சப்பன் டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்ணா, வாய்க்கும் பஞ்சர் ஒட்டிப்போட்டீங்களா?"

"ஆமா. டீயப் போடு."

ஒரு கார் நின்றது. சுற்றுலா வந்த இளைஞன் ஒருவன் போனைத் தூக்கி லாரிகளைப் படமெடுத்தான். நஞ்சப்பன் கையிலிருந்த டயரை உருட்டிக்கொண்டுபோய் அவனுக்கு முன்னால் நின்றார். டயர் அவருடைய இடுப்புவரை இருந்தது.

"போன உள்ள வைங்க தம்பி."

"ரோட்டுல போறதத்தான எடுக்கறேன்? உங்களுக்கென்ன?"

"ரோட்டுல ஆரூட்டுப் புள்ளயோ போகுதுங்க. வைங்க."

கடைசி லாரி ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்தார். ஒரு ஸ்பேனர் சாக்கிலிருந்து தள்ளிக் கிடந்தது. அதை எடுத்து வைக்கவில்லை.

என் ஸ்கூட்டர் சக்கரத்தை அவர் கழற்றிக்கொண்டிருந்த காலையில்தான் மாசாணியம்மாள் ஓடி வந்தார். மண்டியிலிருந்து நேராக வருகிறார். விரல்களில் பாக்குக் கறை. கையில் போன்.

"ஏனுங்க, படம் வந்துருக்குதுங்க! மூஞ்சி தெளிவா இருக்குது. கொஞ்சம் கறுத்துப்போனா, அவ்வளவுதான். பாருங்க, பாருங்க."

படம் மட்டும். ஒரு சொல்கூட எழுதவில்லை. அழைத்துப் பார்த்தால் போன் மறுபடி அணைந்திருக்கிறது என்றார் மாசாணியம்மாள்.

நஞ்சப்பன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். இரண்டு விரலால் விரித்தார். முழங்கைக்குப் பக்கத்தில் மட்கார்டு இருந்தது. சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் சேறு. இன்னொரு பக்கம் நகர்த்தினார். கட்டம் இருக்க வேண்டிய இடத்திலும் சேறு.

"சேறு அடிச்சிருக்குதுங்களா?" மாசாணியம்மாள் எட்டிப் பார்த்தார். "அங்க மழையாட்டம் இருக்குது. மத்தியானம் போன் எடுத்தான்னா, தொடச்சுப்போட்டு இன்னொண்ணு எடுத்தனுப்பச் சொல்லலாமுங்களா?"

"வேண்டாம் புள்ள."

டீக்கடையிலிருந்து பாலகோபால், "அக்கா, புள்ள பேசுச்சா?" என்று கூப்பிட்டார். "படம் வந்துருக்குது கண்ணு!" என்று மாசாணியம்மாள் கடைப் பக்கம் நாலடி நகர்ந்தார். அந்த இடைவெளியில் நஞ்சப்பன் என்னிடம் சொன்னார். மனைவிக்குக் கேட்காதபடி.

"மழை இல்லீங்க. முன்னால கண்ணாடியப் பாருங்க, பளபளன்னு இருக்குது. எல்லைக்கு நகத்தறதுக்கு முந்தி மொத உத்தரவு இதுதானுங்க. சின்னத்த மூடோணும். நானே எத்தன வண்டிக்கு அப்பியிருக்கறன். அதுக்கப்பறம் அந்த வண்டிக்கு ஊரு கெடையாதுங்க."

மீண்டும் படத்தைப் பார்த்தார். மட்கார்டை விட்டு மெல்ல இந்தப் பக்கம் நகர்த்தினார். கயல்விழியின் வலது கை தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டுவரை சேறு. நகங்கள் தெரியவில்லை. அவர் விரல் அங்கேயே நின்றது.

மாசாணியம்மாள் திரும்பி வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார்.

"சொல்லுங்க. எங்கீங்க இருக்கறா?"

சாலையில் காய்கறி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நஞ்சப்பன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"தெரியல புள்ள."

"உங்களுக்கா தெரியல?"

"தெரியல."

அவர் அப்படிச் சொல்லி மாசாணியம்மாள் கேட்டதில்லை. சிரிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு கணவரின் முகத்தையே பார்த்தார். பெஞ்சில் யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

நஞ்சப்பன் குனிந்து படத்தை விரித்தார். ஜீப்பின் கண்ணாடி ஓரமாக ஒதுங்கி மறைந்தது. கை மறைந்தது. மட்கார்டு மறைந்தது. இன்னும் விரித்தார். திரைக்குள் மகளுடைய முகம் மட்டும் நிறைந்து நின்றது. அது மறுபடி சுருங்கிவிடாதபடி விளிம்பில் மட்டும் பிடித்து, போனை மனைவியின் கையில் வைத்தார்.