கபடி மைதானத்துக்கு வந்த இரண்டு தராசுகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறி, வழியில் ஒரு கருவேலங்காட்டுப் பக்கம் இறங்கினால் நான் வேலை பார்த்த கல்லூரி வரும். பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் இப்போது எதைப் பார்த்தாலும் வாசித்துவிடுகிறார்கள்.

நான் வணிகவியல் விரிவுரையாளர், அதுவும் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரிக் கமிட்டி கூடி, இந்த அம்மா இருக்கலாமா போகலாமா என்று முடிவு செய்யும். கமிட்டியில் இருந்த அத்தனை பேரும் டவுன் வியாபாரிகள். அந்த வருடம் பார்த்து என் கணவர் வேலை செய்த நூற்பாலையை மூடிவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. வருகிற ஜூனில் என்னை நிரந்தரமாக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான கபடியில் எண்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளவர் ஆடக் கூடாது. முந்தைய வருடம் யாரோ ஒரு மலையை இறக்கிவிட்டார்கள் என்று இரண்டு கல்லூரிகள் அடித்துக்கொண்டு, நடுவரின் நாற்காலி கிணற்றுக்குள் போயிருந்தது. அதனால் இனிமேல் போட்டி நடத்தும் கல்லூரியில் விளையாட்டோடு சம்பந்தமில்லாத ஆசிரியர் ஒருவரே எடை பார்க்க வேண்டும், ஒழுங்குமுறைக்கு அவரே பொறுப்பு, அவர் சொல்வதே முடிவு என்றது உத்தரவு. அந்த வருடப் போட்டி எங்கள் கல்லூரியில்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் எல்லோரும் ஜன்னல் வழியே கருவேல மரங்களை ரசிக்க ஆரம்பித்தார்கள். நான் மட்டும் பாவமாக முதல்வர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன்.

"அம்மா, விளையாட்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்கதான் பொருத்தமான ஆளு" என்றார் முதல்வர்.

பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. சரி, கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வோம் என்று இறங்கிவிட்டேன். காலைப் பிரார்த்தனையில் விதிகளைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். ஆட்டக்காரர்களை நிற்க வைத்து, "விதிப்படி ஆடுவேன், பொய் சொல்ல மாட்டேன், நடுவரை அடிக்க மாட்டேன்" என்று கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்தேன். வரிசையில் ஒரு பையன், "மேடம், திட்டலாமா?" என்று கேட்டான். திட்டவும் கூடாது என்று சேர்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் பையன்கள் கேன்டீனில் என்னைக் கண்டால், வடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள்.

எங்கள் அணிக் கேப்டன் இரண்டாம் வருடம் படிக்கிறவன். திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை; எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம். அப்பாவுக்கு மானாவாரியில் கொத்தமல்லியும் பருத்தியும். பையன் பாடிப் போனால் மூன்று பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். ஆனால் எண்பதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. விளையாட்டு ஆசிரியர், நாங்கள் பி.டி. சார் என்போம், ஒரு வாரமாக அவனைப் பட்டினி போட்டார். உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்தி ஓட விட்டார். தலைமுடியும் எடைதானே என்று மொட்டை அடித்துவிட்டார். பையன் அம்மா, சாமிக்கு நேர்ந்த முடியை யார் எடுத்தது என்று கல்லூரிக்கே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்.

கல்லூரியில் தராசு கிடையாது. கமிட்டியில் ஒரு பெரிய முதலாளி இருந்தார். கோடவுனில் மல்லி, வத்தல், பருத்தி எல்லாம் வாங்குவார். முன்பக்கக் கடையில் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை விற்பார். போட்டிக்குக் கேடயம் அவர் உபயம். ஆசிரியர் நியமனத்தில் அவர் தலையசைத்தால்தான் மற்றவர்கள் தலை அசையும். அவரே பெருந்தன்மையாக, "நம்ம கோடவுனுல மூட்டை நிறுக்கிற தராசு கெடக்கு, எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். எந்த யோசனையில் சொன்னாரோ!

போட்டியன்று காலையில் தராசு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. அந்த மேடையில் ஏறி நின்றால், பக்கத்திலிருக்கும் இரும்புக் கட்டையில் எடைக் குண்டை நகர்த்தி எடை பார்க்கலாம். ஆட்டக்காரர்கள் அரைக்கால் டவுசரோடு வந்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. கட்டையைத் தவிர வேறு எங்கும் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

கேப்டன் ஏறினான். எழுபத்தைந்து! பி.டி. சார் அழுதே விட்டார். பையன் இறங்கிய வேகத்தில் கேன்டீனுக்கு ஓடினான். ஒரு வாரப் பசி. அண்டா இட்லியும் வாளிச் சாம்பாரும் அவனுக்கே சரியாகப் போயிற்று என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அடுத்து எதிர் அணி. அதில் ஒருவன் நடந்து வரும்போதே மண் அதிர்ந்தது. அவனை எண்பதுக்குள் அடக்க வேண்டுமென்றால் ஒரு காலைக் கழற்றி வைக்க வேண்டும். ஏறினான். நான் குண்டை நகர்த்திக்கொண்டே போனேன். எழுபத்தொன்பதில் கட்டை அசையாமல் நின்றது.

"யாரு, இவனா எழுவத்தொம்பது?" பி.டி. சார் துள்ளிக் குதித்தார். "இது தராசா, இல்ல வேற எதாச்சுமா? இவன் ஒக்காந்து இப்பத்தான் ஒரு பெஞ்சு ஒடஞ்சது! நான் ஒத்துக்க மாட்டேன்!"

சொன்ன பிறகுதான், கேடயம் கொடுக்க வந்திருந்த முதலாளி சந்தன மாலையோடு பக்கத்தில் நிற்பதைக் கவனித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஆட்சேபம் எழுந்தால் வேறு தராசில் நிறுக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. நான் அதைச் சொன்னேன்.

முதல்வருக்குக் கோபம் வந்துவிட்டது. முதலாளியின் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. "மொதலாளி தராசையா சந்தேகப்படுறீக? அவுக கடையிலயே இன்னொரு தராசு இருக்குல்ல, அதையும் கொண்டாங்க. உண்மை தெரிஞ்சிரும்!"

"வேணாம் சார்" என்றார் முதலாளி அவசரமாக. "அது சும்மா புண்ணாக்கு நிறுக்கிறது. மனுசனுக்கு ஒத்து வராது."

"நீங்க சும்மா இருங்க மொதலாளி. உங்க நாணயத்துக்கு ஒரு சொல்லு வரலாமா? வண்டிய அனுப்புங்கப்பா!"

வண்டி போனது. ஆட்டம் தாமதமானது. கபடி பார்க்க வந்திருந்த சம்சாரிகள் தராசைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். முதலாளி மாலையைக் கழற்றி விசிறிக்கொண்டார். கடைத் தராசு வந்து, கோடவுன் தராசுக்குப் பக்கத்திலேயே இறங்கியது.

பெருத்தவன் ஏறினான். எண்பத்தேழு. பி.டி. சார் கைதட்டினார். அடுத்து எங்கள் கேப்டன். எண்பத்து நாலரை! கைதட்டல் பாதியில் நின்றது.

அப்போது கூட்டத்திலிருந்து கேப்டனின் அப்பா முன்னால் வந்தார். துண்டை மகனிடம் கொடுத்துவிட்டு, "எனக்கும் போட்டுப் பாரு தாயி" என்று கோடவுன் தராசில் ஏறினார். அறுபது. இறங்கி, கடைத் தராசில் ஏறினார். அறுபத்தாறு.

"ஏன் தாயி, இங்கருந்து அங்க போறதுக்குள்ள ஆறு கிலோ ஏறுமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒருவர் சத்தம் போட்டார். "ஏலே, அது நம்மகிட்ட மல்லி வாங்குற தராசுடா! இது நமக்குப் புண்ணாக்கு போடுற தராசு!"

அவ்வளவுதான். கபடியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சம்சாரிகள் வரிசை கட்டி நின்று இதில் ஒரு தடவை, அதில் ஒரு தடவை ஏறி இறங்கினார்கள். ஒருவர் தன் ஆட்டுக்குட்டியையும் ஏற்றிப் பார்த்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். குரல் மெல்லத்தான் வந்தது. "டீச்சர், எடை விசயத்துல நீங்க சொல்றதுதான முடிவு. மொதத் தராசு சரின்னு சொல்லிருங்க. ரெண்டு பயலும் ஆடட்டும், சோலி முடிஞ்சிரும். ஜூன் மாசம் நான் பாத்துக்கிறேன்."

மூடிய ஆலையும் வீட்டில் கணவர் உட்கார்ந்திருக்கும் கோலமும் கண்முன் வந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் கேப்டன் ஆடுவான், எனக்கு வேலை நிலைக்கும். ஆனால் கேப்டனின் அப்பா இன்னும் என் பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முதல் தராசு சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதிர்த்தாற்போல் ஓர் உரக்கடை இருந்தது. உரத் தொழிற்சாலையிலேயே தைத்து வந்த ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒன்றைத் தூக்கிவரச் சொன்னேன். கோடவுன் தராசு நாற்பத்தேழு காட்டியது. கடைத் தராசு ஐம்பத்திரண்டு. மற்றது வெறும் விகிதக் கணக்கு. சாக்பீஸால் கேன்டீன் சுவரில் போட்டுக் காட்டினேன். பெருத்தவன் எண்பத்து நாலுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் கேப்டன் எண்பத்தொன்றுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு பேரும் ஆடக் கூடாது என்றேன்.

"மேடம்! அந்த ஒரு கிலோ இட்லி மேடம், பையன் இல்ல!" பி.டி. சார் காலில் விழாத குறை. "காலைல எண்பதுக்குள்ளதான இருந்தான்!"

"இட்லியும் சேர்ந்துதானே சார் ஆடப் போகுது?" என்றேன். என் வாயில் அப்படி ஒரு பதில் எப்படி வந்ததோ தெரியவில்லை.

பி.டி. சார் நம்பிக்கை இழக்காமல் அவனை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார். பையனுக்கு மறுபடியும் பசித்ததுதான் மிச்சம். ஆட்டத்தில் நாங்கள் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். கேடயத்தை எடுத்துக் கொடுக்க முதலாளி மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு குரல், "மொதலாளி, அதையும் நிறுத்துக் குடுங்க!" என்றது. விசில் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் சிரிக்கவில்லை. என் வேலை போய்விட்டது என்பது அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் கணவர் கோபிக்கவில்லை. மறுவாரமே ஓர் அரசுத் தேர்வுக்கு என்னை விண்ணப்பம் போட வைத்தார். நானும் ஏதோ ஒரு வேலை என்று எழுதிவிட்டு வந்தேன்.

ஜூன் வந்தது. கமிட்டி அறையில் வரிசையாக வியாபாரிகள். நடுவில் நம் முதலாளி, என் முகத்தையே பார்க்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் இருந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஏம்மா, இங்க எடம் இல்லேன்னு சொல்லிட்டா என்ன செய்யப் போறீக?"

எனக்கு மறைக்கத் தெரியாது. "கவர்மென்டு பரீட்சை ஒண்ணு எழுதியிருக்கேங்க. பாஸாயிட்டேன். இங்க இல்லேன்னா அதுல சேர்ந்துருவேன்."

"அட, நல்லதுதான. என்ன உத்தியோகம்?"

"கடை கடையாப் போயி தராசு, எடைக்கல்லு, முழக்கோலு எல்லாம் சோதிச்சு முத்திரை போடுற வேலைங்க. இந்த ஏரியாவுலயே போடுவாங்கன்னு சொல்றாங்க."

ஜவுளிக்கடைக்காரர் முழக்கோல் என்றதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாளி விட்டத்திலிருந்து கண்ணை இறக்கி முதல்வரைப் பார்த்தார்.

"அம்மாவ பெர்மனென்டு பண்ணிருங்க சார். இவுகள மாதிரி ஆள வெளிய விடக் கூடாது" என்றார். ஒரு தலை பாக்கியில்லாமல் எல்லாத் தலைகளும் ஆடின.

அந்தக் கல்லூரியிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். நேர்மைக்குப் பரிசு கிடைத்தது என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு எப்போதும் ஆசைதான்; ஆனால் எனக்கு வேலை கொடுத்தது அவர்களுடைய பயம் என்பதைத்தான் உள்ளபடி சொல்லி வந்தேன். நானும் பயந்துகொண்டேதான் அந்தச் சுவரில் கணக்குப் போட்டேன். என் பயம் அந்த ஒரு மத்தியானத்தோடு தீர்ந்துவிட்டது, அவர்களோ கடை வாசலில் நான் காய்கறிப் பையோடு போகும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றார்கள்.